மணிக் கண்காட்சிக்கு முதல் முறை போகிறேன்: எதைப் பார்ப்பது, யாரோடு பேசுவது?

மணற்கரை, திருவையாறு · ஜூன் 3, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தே ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் மணியும் ஜரிகையும் தைப்பது) செய்கிறேன். ரவிக்கைக்கு ஜர்தோசி, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ் தைப்பது பிழைப்புக்கு; இரவில் சின்னப் பாசியில் கழுத்தணி பின்னுவது என் மனத்துக்கு. எல்லாம் காணொளி பார்த்துக் கற்றதுதான். இத்தனை நாளில் மணி பின்னும் இன்னொருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் பின்னலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இந்த இடத்தில் நூல் தளர்ந்திருக்கிறது" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

இந்த மாதக் கடைசியில் சென்னையில் மூன்று நாள் கைவினைக் கண்காட்சி நடக்கிறது. பாதி அரங்கு மணிக்கும் கல்லுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது எழும்பூர். பகல் முழுவதும் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். கையில் 4,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இணையக் கடை ஒன்றில் மயில் கழுத்து நீலத்தில் மணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். முதல் சலவையிலேயே சாயம் இறங்கிப் பட்டு முழுவதும் நீலத் திட்டு. கூலியோடு துணியின் விலையையும் திருப்பிக் கொடுத்தேன். அதனால் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்க ஆசை. அதைவிடப் பெரிய ஆசை, என்னைப் போன்றவர்களோடு பேச வேண்டும் என்பது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை ஊசி, கும்பகோணம் · ஜூன் 3, இரவு 10:25

தங்கையே, கட்டாயம் போய் வாருங்கள். இருபது ஆண்டுகளாக ஆரி கற்றுக்கொடுக்கிறேன். சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்றில் பணப்பையைத் திறக்காதீர்கள். அரங்கு முழுவதையும் ஒரு முறை நடந்து முடித்துவிடுங்கள். ஒரே மணி நான்கு மேசைகளில் நான்கு விலைக்கு இருக்கும்.

அரங்கின் விளக்கை நம்பாதீர்கள். மஞ்சள் விளக்கின் கீழ் அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். தைக்கப்போகும் பட்டின் துண்டை ஊசியில் குத்தி எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு சரத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியில் இரண்டு மணிகளை அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏற்றியதா, கண்ணாடியிலேயே நிறம் கலந்ததா என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காத மேசையில் வாங்க வேண்டாம்.

பேச்சைத் தொடங்குவது பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் பின்னிய கழுத்தணியை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். மணி வேலை தெரிந்தவரின் கண் உங்கள் முகத்துக்கு முன்பே கழுத்துக்குத்தான் வரும்.

உப்புக்காற்று, நாகப்பட்டினம் · ஜூன் 4, காலை 6:10

சகோதரி, சென்னைக்குப் போவது நல்லதுதான். ஆனால் நம் பகுதியில் மணியே இல்லை என்பதுபோல் யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் வேளாங்கண்ணிக் கடைகளுக்கு ஜெபமாலை கோத்துக் கொடுப்பவன். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் கோயிலிலிருந்து கடற்கரை வரை போகும் தெருவைப் பாருங்கள். மரம், கண்ணாடி, சிப்பி, பிளாஸ்டிக் என்று மணிச்சரங்கள் திரைபோலத் தொங்கும். ஒரு ஜெபமாலைக்கு 59 மணி: பத்துப் பத்தாக ஐந்து, இடையில் நான்கு, சிலுவையை நோக்கி இறங்கும் சரத்தில் ஐந்து. அங்கிருந்து சில மைல் தள்ளி நாகூர் தர்கா வாசலில் 33 மணியிலும் 99 மணியிலும் இஸ்லாமியர் எண்ணி ஓதும் தஸ்பீஹ் மாலை கிடைக்கும். நம் சிவன் கோயில் வாசல்களில் 108 ருத்திராட்சம். எண்ணிக்கை தவறினால் மாலையே பயன்படாது என்ற நிலையில் தினமும் கோப்பவர்கள் இங்கே இருக்கிறோம். எங்கள் கை வேகத்தையும் முடிச்சையும் யாரும் வந்து பார்ப்பதில்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள மணி எங்கள் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். செப்புக் கம்பியும் அப்படித்தான். தூண்டில் நரம்பில் கோத்தால் மலிவு. ஆனால் வெயில் பட்டால் நொறுங்கும். விற்கும் பொருளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மணற்கரை, திருவையாறு · ஜூன் 4, பிற்பகல் 2:15

அண்ணா, வேளாங்கண்ணிக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அந்தக் கடைகளைக் கடந்துதான் போயிருக்கிறேன். கோப்பவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. திருவிழா முடிந்து கூட்டம் குறைந்ததும் ஒரு நாள் வரலாமா?

உப்புக்காற்று, நாகப்பட்டினம் · ஜூன் 4, பிற்பகல் 2:50

செப்டம்பர் இரண்டாம் வாரம் வாருங்கள். என் மனைவியும் கோப்பார். அவரிடம்தான் நான் கற்றேன்.

பாசிச்சரம், மன்னார்குடி · ஜூன் 4, இரவு 8:05

அக்கா, சென்ற ஆண்டு இதேபோன்ற ஒரு கண்காட்சிக்குப் போனேன். கைப்பேசியில் முந்நூறு படங்கள் எடுத்தேன். இன்றும் நிறச் சேர்க்கைக்கு யோசனை வேண்டுமானால் அவற்றைத்தான் புரட்டுகிறேன். மின்னேற்றி எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.

குடந்தை ஊசி, கும்பகோணம் · ஜூன் 4, இரவு 8:30

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்நூறு படத்தில் எத்தனைக்கு அனுமதி கேட்டீர்கள்? என் மாணவி ஒருத்தி ஆறு மாதம் உழைத்து ஒரு மயில் ஒட்டியாணம் செய்தாள். மேசையில் வைத்த மறுநாளே படம் வெளியே போனது. இரண்டு மாதத்தில் அதே மயில், அதே கொண்டை, பாதி விலைக்குக் கடையில் தொங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் கண்காட்சிக்கே வருவதில்லை. படம் எடுப்பது உங்களுக்கு ஒரு நொடி வேலை.

பாசிச்சரம், மன்னார்குடி · ஜூன் 4, இரவு 9:12

கேட்காமல்தான் எடுத்தேன், அக்கா. விற்பதற்காக எதையும் நகலெடுத்ததில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது.

வண்டல், திருவாரூர் · ஜூன் 5, காலை 11:00

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் நான். சுடுமண் நகை செய்கிறேன். இந்தப் பேச்சில் நான் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் வயல் ஓரத்து வண்டலைச் சலித்து, ஊறவைத்து, பிசைந்து மணி உருட்டுகிறேன். உமியும் வறட்டியும் மூட்டிச் சுடுவேன். நூறு மணி சுட்டால் பத்துப் பதினைந்து வெடிக்கும். அதையெல்லாம் தாண்டி ஒரு பெட்டி மணியைத் தூக்கிக்கொண்டு, மேசை வாடகை கட்டி, இரவுப் பேருந்தில் போய் இறங்கி, காலை பத்து மணிக்குச் சிரித்த முகத்தோடு நிற்கிறோம். வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, "மண்தானே, ஏன் இவ்வளவு விலை?" இரண்டாவது கேள்வி, "பொருளெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்?" இந்த இரண்டையும் கேட்பவரிடம் மனம் திறப்பது கடினம்.

ஒரு முறை ஒரு பெண் வந்தார். என் மாலையை எடுத்தவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. திருப்பி, கொக்கி சேரும் இடத்தைப் பார்த்து, "இந்த முடிச்சை உள்ளே எப்படி மறைத்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஓர் இடத்துக்காக நான் எத்தனை இரவு உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து முழுவதையும் செய்து காட்டினேன். மறுநாள் மீண்டும் வந்தார். நான் சாப்பிடப் போன அரை மணி நேரம் என் கடையை அவர்தான் பார்த்துக்கொண்டார். அன்று அவர் என்னிடம் வாங்கியது எண்பது ரூபாய்க்கு ஒரு சோடித் தோடு. இன்றுவரை எந்த நிறம் வைப்பது என்று குழம்பினால் நான் அழைப்பது அவரைத்தான்.

அதனால் மணற்கரை, உச்சி வேளைக் கூட்டத்தில் பேசப் பார்க்காதீர்கள். கதவு திறந்த முதல் அரை மணி, அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்தமான நேரம், இவைதான் பேச ஏற்றவை. முக்கியமாக முதல் நாளே போங்கள். கடைசி நாளில் விலை குறையும். எங்களுக்குப் பேசும் தெம்பும் குறைந்திருக்கும்.

படத்தைப் பற்றி: கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மேசை முழுவதையும் எடுக்கச் சம்மதிப்பார்கள். ஒரே பொருளை நெருக்கமாக எடுப்பதைத்தான் விரும்ப மாட்டார்கள்.

படித்துறை, மயிலாடுதுறை · ஜூன் 5, மாலை 5:30

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். மணி கோக்கத் தெரியாது. என் மகள் கோப்பாள்.

மணற்கரை, நீங்கள் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறத் தஞ்சாவூர் வரத்தானே வேண்டும்? இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து பெரிய கோயிலுக்குப் போங்கள். 1010-இல் முடிந்த அந்தக் கோயிலுக்கு இராசராசன் கொடுத்த நகைகளின் பட்டியல் கல்லிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்து, எத்தனை பவளம் என்று எண்ணி, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டு வெட்டியிருக்கிறார்கள். முத்தை முத்து என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. முழு உருண்டை வட்டம், ஏறக்குறைய உருண்டை அனுவட்டம், மெருகேற்றியது ஒப்புமுத்து, சிறியது குறுமுத்து, கரடுமுரடானது கறடு, ஒட்டிப் பிறந்தது இரட்டை. இன்னும் நிம்பொளம், பயிட்டம், சப்பத்தி என்று பெயர்கள் நீளும். ஒளியைக்கூடக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்திருக்கிறார்கள்.

என் மகள் இப்போது தன் மணி டப்பாக்களின் மேல் இந்தப் பெயர்களை எழுதி ஒட்டியிருக்கிறாள். செக் நாட்டுக் கண்ணாடி மணியில் கொஞ்சம் கோணலாக வருவதெல்லாம் அவளுக்கு அனுவட்டம். கறடு என்று ஒதுக்கியவற்றை வைத்தே அவள் செய்த ஒரு கைவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெயில்நாடு, பீனிக்ஸ் (சொந்த ஊர் பாபநாசம்) · ஜூன் 6, காலை 7:45

ஐயாவின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கும் அரிசோனா மாநிலத்தில்தான் டூசான் நகரம் இருக்கிறது. 1955-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் சிறிதாகத் தொடங்கிய கனிமக் கண்காட்சி, இன்று சனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி நடுவரை நகரம் முழுவதும் பரவிய பல கண்காட்சிகளாக நடக்கிறது. ஓட்டல் அறையின் கட்டிலை ஒதுக்கிவிட்டு அங்கேயே கடை விரிப்பவர்களும் உண்டு.

முதல் ஆண்டு நான் எல்லாவற்றையும் வாங்கினேன். பாதி இன்னும் பைகளிலேயே இருக்கிறது. மூன்றாம் ஆண்டு ஒரு முதியவரின் கூடாரத்தில் நின்றேன். பழைய சின்னக் கண்ணாடி மணிச் சரங்கள்: செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஜாவாவிலிருந்து வந்தவை என்றார். இவ்வகைக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயரிட்டவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர். அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்த இடம் நம் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு! தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்த அதே ஊர். காய்ச்சிய கண்ணாடியை இரும்புக் குழலால் துளைத்து, நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கும் அந்தப் பழைய முறை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்தக் கூடாரத்தில் நான் பாபநாசத்துப் பெண் என்று சொன்னேன். காவிரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார் அந்த முதியவர். ஒரு மணி நேரம் பேசினோம். எதுவும் வாங்கவில்லை. அவருக்கு வருத்தமும் இல்லை.

ஒன்று மட்டும்: நம் ஊர்ப் பழைய மேடுகளில் மழைக்குப் பின் மணி பொறுக்கி விற்பவர்களிடம் யாரும் வாங்காதீர்கள். மண்ணில் எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அந்த மணி வாய் பேசாது.

மணற்கரை, திருவையாறு · ஜூன் 30, இரவு 10:05

போய் வந்துவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பெரிய கோயிலுக்கு முன்னதாகவே போனேன், ஐயா. எழுத்துகளை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் கல்லில் விரலை வைத்தபடி, இங்கே எங்கேயோ யாரோ எண்ணிய முத்துக் கணக்கு இருக்கிறது என்று நினைத்து நின்றது போதுமானதாக இருந்தது.

அரங்கு திறந்ததும் உள்ளே நுழைந்தேன். முதல் சுற்றில் எனக்கு மூச்சு முட்டியது. செக் மணிகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. ஜப்பானிய மியூக்கி டெலிகா சின்னக் குப்பிகளில், எல்லா மணியும் ஒரே அளவாக, உருளையாக இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடி மணியை எடை போட்டு விற்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஈரத் துணியை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தானே தேய்த்துக் காட்டினார். சாயம் ஒட்டவில்லை. கால் கிலோ வாங்கினேன்.

படம் எடுக்கவில்லை. ஒரு நோட்டில் நிறங்களை மட்டும் எழுதினேன்: முற்றிய நெல் மஞ்சள், ஓரத்தில் ஒரே வரி நாவல்பழம். ஈரக் களிமண்ணோடு இளநீர்ப் பச்சை. படமாக எடுத்திருந்தால் அவர்களின் வடிவமும் கூடவே வந்திருக்கும். நோட்டைத் திறக்கும்போது நிறம் மட்டும் வருகிறது. வடிவம் என்னுடையதாக இருக்கிறது. ஒரு மணி விட்டு ஒரு மணியாகக் கோக்கும் பெயோட் பின்னல் படிப்படியாகத்தானே ஏறும். அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்ப் படித்துறை நினைவுக்கு வந்தது. அடுத்த கழுத்தணி அதுதான்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். மதியம் இரண்டரை மணிக்கு வாசல் படியில் தயிர்சாதத்தைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடந்தை அக்கா சொன்னது அப்படியே நடந்தது. "கொஞ்சம் கழற்றிக் கொடுக்கிறீர்களா?" என்றார். திருப்பிப் பார்த்தார். ஓரம் ஏன் அலை அலையாக வருகிறது என்று மூன்று ஆண்டுகளாக எனக்குப் புரியாமல் இருந்தது. அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். இரண்டு வேறு கட்டுகளிலிருந்து எடுத்த மணிகளைக் கலந்திருக்கிறேன். இரண்டையும் 11/0 என்ற ஒரே அளவு எண்ணில்தான் விற்றார்கள். ஆனால் ஒன்று மயிரிழை தடிமன். எண் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். பின்னத் தொடங்கும் முன் ஊசியில் பத்துப் பத்தாகக் கோத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து உயரம் பார்க்க வேண்டுமாம். தட்டையையும் தடித்ததையும் தள்ளிவிடாமல் தனித்தனி டப்பாவில் வைத்தால், வளைவு வரும் இடத்தில் அவையே உதவுமாம்.

பிறகு முத்துக்கு நடுவே முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். முடிச்சை இறுக்கும் முன் அதன் கண்ணுக்குள் ஓர் ஊசியை விட்டு, ஊசியாலேயே முடிச்சை முத்தின் அடிவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஊசியை உருவிவிட்டு இறுக்க வேண்டும். சரம் அறுந்தாலும் ஒரே முத்துதான் விழும். முத்தோடு முத்து உரசித் தேயாது. நூலுக்குத் தேன்மெழுகு தடவுவதும் அவர் சொன்னதுதான். என் தயிர்சாதம் காய்ந்தே போனது.

எந்த ஊர் என்று கேட்டேன். பட்டுக்கோட்டை! எனக்கும் அவருக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்தான். சந்தித்தது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அவர் ஊரிலும் மணி பின்னும் வேறு ஆள் இல்லையாம். அவரை இந்தப் பேச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

செலவு 2,350 ரூபாய். மீதியைத் திருப்பிக் கொண்டுவந்தது என் அம்மாவுக்குத்தான் பெரிய ஆச்சரியம்.

தென்னங்கீற்று, பட்டுக்கோட்டை · ஜூலை 1, காலை 9:20

வணக்கம். வாசல் படியில் இருந்தவள் நான்தான். என்னைப் பெரிய ஆளாக எழுதிவிட்டார். முத்து முடிச்சை நான் கற்றது தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் ஒரு நரிக்குறவர் அம்மாவிடம். கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பார்த்தபடியே கோப்பார். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அன்று அவர் விற்கும் விலைக்கே, பேரம் பேசாமல், மூன்று சரங்கள் வாங்கினேன். அவருடைய மாலை வடிவத்தை நான் செய்து விற்பதில்லை. முடிச்சை மட்டும் பயன்படுத்துகிறேன். அதையும் அவரிடம் கேட்டுத்தான் செய்கிறேன்.

பாசிச்சரம், மன்னார்குடி · ஜூலை 1, இரவு 7:40

இனி நானும் நோட்டுதான் எடுத்துச் செல்லப்போகிறேன், குடந்தை அக்கா. அந்த முந்நூறில் யாருடைய மேசை என்று நினைவிருந்த இருவரை அழைத்துச் சொன்னேன். ஒருவர் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொருவரின் படங்களை அழித்துவிட்டேன்.

குடந்தை ஊசி, கும்பகோணம் · ஜூலை 1, இரவு 8:02

நல்ல பெண். ஒரு நாள் வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்.

படித்துறை, மயிலாடுதுறை · ஜூலை 2, காலை 6:30

ஒரு யோசனை. ஆடிப் பெருக்கு வருகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று காவிரிக்குக் காதோலைக் கருகமணி விடுவோம்; பெண்கள் தாலிச் சரடு மாற்றி, குண்டும் பவளமும் புதிதாகக் கோத்துக்கொள்வார்கள். மணி கோப்பவர்கள் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் எது? என் மகள் வர ஆசைப்படுகிறாள்.

மணற்கரை, திருவையாறு · ஜூலை 2, காலை 7:15

ஐயா, எங்கள் ஊருக்கே வாருங்கள். புஷ்ய மண்டபத் துறையில் காலையில் கூட்டம் நெரியும். பதினொரு மணிக்கு மேல் இடம் கிடைக்கும். எங்கள் வீடு துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். திண்ணையில் எட்டுப் பேர் உட்காரலாம். அவரவர் செய்ததில் இரண்டும், சரியாக வராமல் போனதில் ஒன்றும் கொண்டு வாருங்கள்.

வண்டல், திருவாரூர் · ஜூலை 2, காலை 8:40

நான் வருகிறேன். வெடித்த மணிகளையும் எடுத்து வருகிறேன். ஏன் வெடித்தது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று, பட்டுக்கோட்டை · ஜூலை 2, காலை 9:05

காலை ஐந்தரைப் பேருந்தில் கிளம்பிவிடுவேன். தேன்மெழுகு என்னிடம் நிறைய இருக்கிறது, யாரும் வாங்க வேண்டாம்.

உப்புக்காற்று, நாகப்பட்டினம் · ஜூலை 2, இரவு 9:30

திருவிழாவுக்கு மாலை கோக்கும் நேரம் அது. நான் வர முடியாது. என் மனைவி தன் தங்கையோடு வருவார். கோப்பதற்கு ஐந்நூறு மணி மடியில் கட்டிக்கொண்டுதான் வருவார்; பேசிக்கொண்டே கோத்து முடித்துவிடுவார், நீங்கள் பாருங்கள்.

மணற்கரை, திருவையாறு · ஜூலை 2, இரவு 9:48

அண்ணிக்குத் திண்ணையில் வெளிச்சம் விழும் மூலையை ஒதுக்கி வைக்கிறேன். தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் என் அம்மா செய்கிறார். எத்தனை பேர் என்று ஆடி 15-க்குள் சொல்லிவிடுங்கள்.